தெருக்கோடியில் திரும்பும் அலை

எங்கள் தெருவில் வெட்கம் மின்கேபிள் வழியாகப் போகிறது. ஒரு கேபிளுக்குள் மூன்று கம்பிகள், கம்பிக்கு ஒரு வீடு. ஒரு வீட்டில் எழும் வெட்க அலை பக்கத்துக் கம்பிகளிலும் கொஞ்சம் தொற்றும். எவ்வளவு தொற்றும், எங்கே போய்த் திரும்பும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது மின்சார அலுவலகத்தில் என் வேலை.

ஆனியில் எங்கள் வீட்டில் வெட்கம் அதிகமானது. சுவிட்சைத் தொட்டாலே காது சூடேறியது. அரிசி களையும்போதும் தலைகுனிந்து நின்றேன். நான் எதுவும் செய்திருக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு ஜெபமணி அண்ணனிடமிருந்துதான் வருகிறது என்று முடிவுசெய்தேன். அவருக்கு வேலை போயிருந்தது.

போய்க் கேட்டேன்.

“எனக்கென்னம்மா வெட்கம்? கம்பெனிய மூடுனவன்லா வெட்கப்படணும்” என்றார். “உங்க வீட்டுலேருந்துதான் எங்களுக்கு வருது. சொன்னா சங்கடப்படுவியேன்னு இருந்தோம். எங்க வீட்டுல உன் மைனி தலையில முக்காடு போட்டுக்கிட்டுதான் சமைக்கா.”

கணக்கை மறுபடி போட்டேன். அவர் சொன்னது சரி. தெருக்கோடியில் கேபிளின் முனை எதனோடும் சேராமல் கிடந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத அலை அங்கே முட்டி, இரட்டிப்பாகி, எங்கள் வீட்டுக்கே திரும்பியது. அது எழும் நேரம், நான் அப்பாவைக் குளிப்பாட்டும் நேரம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்தபிறகு நான்தான் குளிப்பாட்டுகிறேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சோப்பு எரிகிறது என்று நினைத்திருந்தேன்.

“அப்பா, கூச்சமா இருக்கா?”

அவர் சுவரைப் பார்த்தார். “நான் உன்னக் குளிப்பாட்டியிருக்கேன்” என்றார் குழறலாக. “அது வேற.”

அப்பாவுடையதை அடுத்த வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டேனே என்று எனக்குச் சொந்தமாகவே வெட்கம் வந்தது. அதுவும் கேபிளில் போய்ச் சேர்ந்தது.

அலையை அப்படியே வாங்கிக்கொள்ளும் ஒன்றை முனையில் இணைத்தால் எதுவும் திரும்பி வராது. தெருக்கோடி விளக்குக்கம்பம் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது. மதியமே இணைத்தோம்.

மறுநாள் அப்பா கண்ணைத் திறந்துகொண்டு குளித்தார். முதுகை இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னார்.

தலை துவட்டும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

“யாரு?” என்றார் அப்பா.

“தெருக்கோடி விளக்குக்கம்பம்ப்பா. உடுத்த ஏதாவது வேணுமாம்.”

“எட்டு முழ வேட்டியாக் குடு” என்றார். “நாலு முழம் அதுக்குப் பத்தாது.”