தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்தது

சவப்பெட்டி முன்னாலேயே தேவாலயத்துக்குப் போய்விட்டது. லாரிசா அம்மாவின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கூரியர் கொண்டுவரும் டுவேன், தாடியில் பனி அப்பியிருக்க, ஒரு பெட்டியை நீட்டினான்.

"மைரன் இருக்கானா? மருந்து வந்திருக்கு. அவன்தான் கையெழுத்துப் போடணும்."

"இன்னிக்கு அவனை அடக்கம் பண்றோம், டுவேன்."

டுவேன் தொப்பியைக் கழற்றினான். "சத்தியமா தெரியாது. ஊர்லயே இல்ல நான்..." பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகப் பார்த்தான். லாரிசா பிடுங்கிக்கொண்டு அங்கேயே கிழித்தாள். ஒரு குப்பி கஞ்சா எண்ணெய், ஒரு டப்பா காய்ந்த மொட்டு. மேலே தம்பியின் பெயர். பக்கத்தில், கனடாவின் இந்த மனிடோபா பக்கமே வந்திராத ஒரு டாக்டரின் பெயர்.

மைரனுக்கு இருபத்திரண்டு வயதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மாதம் ஒரு ஊசி அவற்றை அடக்கி வைத்திருந்தது. மரக்கடையில் வேலை பார்த்தான், ஹாக்கி பார்த்தான், அக்காவோடு சண்டை போட்டான். ஆனால் ஊசி உடம்பை ஊத வைத்தது, தூக்கத்தைத் தின்றது. போன இலையுதிர் காலத்தில் போனில் ஒரு கிளினிக்கைப் பிடித்தான். வீடியோவில் வந்த டாக்டரம்மா காபி ஆறுவதற்குள், இங்கே சட்டப்படியே கிடைக்கும் கஞ்சாவைத் தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். குரல்களைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. முதலில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். பிறகு ஊசிக்குப் போவதை நிறுத்தினான். கிறிஸ்துமஸுக்குள் குரல்கள் திரும்பிவிட்டன. ஜனவரியில் ஒரு நாள் காலை கோட்டுகூட இல்லாமல் ஏரிப் பக்கம் நடந்து போனவனை, பனியில் மீன் பிடிக்கப் போனவர்கள்தான் உறைந்த உடலாகக் கண்டெடுத்தார்கள்.

வண்டியில் ஏறியதும் லாரிசா அந்த கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"ரத்து பண்றதுன்னா பேஷண்ட்தான் பேசணும், மேடம்," என்றது ஒரு இளம் பெண்குரல்.

"பேஷண்ட் செத்துட்டான்."

"ஓ. ரொம்ப வருத்தமா இருக்கு, மேடம்."

"அவன் தலைக்குள்ள யாராவது பேசறாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாடி?"

"அதெல்லாம் டாக்டர்கிட்டதான்... மைரனுக்கு செவ்வாய்க்கிழமை வீடியோ சந்திப்பு இருக்கு. அதை வெச்சுக்கவா, எடுத்துடவா?"

லாரிசா போனைப் பின்சீட்டில் விட்டெறிந்தாள். "வண்டியை எடு," என்றாள் அம்மா. "ஃபாதர் காத்துக்கிட்டிருப்பார்."

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு பைரோகிக் கொழுக்கட்டை, முட்டை சாண்ட்விச், காபி. மைரனின் மனநல மருத்துவர் ஃபென்விக் நகரத்திலிருந்து வந்திருந்தார். காகிதத் தட்டோடு லாரிசாவிடம் வந்தார்.

"அவனை மாதிரி குரல் கேக்கறவங்களுக்கு கஞ்சா நெருப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி. அதை எழுதிக்கொடுத்தது மன்னிக்க முடியாத தப்பு. எங்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நான் புகார் எழுதப்போறேன், லாரிசா."

யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஒரு வாரமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். இந்த வாயிலிருந்து வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"எழுதுங்க, டாக்டர். கூடவே இதையும் எழுதுங்க. தூக்கம் வரலை, ஊசியை மாத்திக் கொடுங்கன்னு அவன் உங்களைக் கெஞ்சினான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, 'குரல் கேக்குதா? இல்லையா? ரொம்ப நல்லது, அப்படியே இருக்கட்டும்'னீங்க."

"அந்த மருந்தைக் குறைச்சா..."

"அந்தப் பொம்பளை கேட்டா! 'எப்படிப்பா தூங்கற?'ன்னு கேட்டா. அதை எங்கிட்ட சொல்லி அழுதான் டாக்டர், சந்தோஷத்துல. இத்தனை வருஷத்துல கேட்டது அவ ஒருத்திதான். கேட்டுட்டு விஷத்தைக் கொடுத்தா. நீங்க கேக்கவே இல்ல."



"துக்க வீட்ல இப்படியா பேசறது?" அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"வேற எங்கம்மா பேசறது? இவரைப் பார்க்க நேரம் கேட்டா நாலு மாசம் ஆகும்."

ஃபென்விக் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறிப் போனார்.

லாரிசா பாத்திரம் கழுவப் போனாள். தொட்டிக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக அவருடைய கார் முக்கி முனகுவது கேட்டது. இந்தக் குளிரில், நிறுத்திய காரின் எஞ்சின் உறையாமல் சூடேற்றும் கம்பியை மின்சாரத்தில் சொருகாமல் விட்டிருக்கிறார். மறுபடி முனகல். மேஜையில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் எழவில்லை.

லாரிசா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். தன் டிரக்கை அவர் காருக்கு முன்னால் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டு வண்டியின் எஞ்சின் மூடியையும் திறந்து, தன் பேட்டரியை அவருடையதோடு கேபிளால் இணைத்தாள். ஃபென்விக் இறங்கி வந்தார்.

"லாரிசா, நான்..."

"உள்ள உக்காந்து சாவியைத் திருப்புங்க."

மூன்றாவது தடவைதான் எஞ்சின் பிடித்தது. அவள் கொக்கிகளைப் பிடுங்கி, மூடியைச் சாத்தினாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கார் மெல்ல நகர்ந்து சாலைக்குப் போனது.

குளிரில் கேபிள் கம்பாக விறைத்துவிட்டிருந்தது. லாரிசா கையுறை இல்லாமல் அங்கேயே நின்று, அதை முழங்காலில் வைத்து வளைத்து, ஒவ்வொரு சுற்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.