மாமனாரின் தாடை

“தாடைதான் தரையில இருக்கே, அப்புறம் வாயைத் திறக்கணும்னா அது குழி தோண்டுமா?”

கேட்டவள் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்து வரப்பட்ட முப்பது பேரில் ஒருத்தி. அருங்காட்சியகப் பட்டறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே நடக்கும் வேலையை வருகிறவர்கள் பார்க்கலாம். நடுவில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாகக் கேள்வியும் கேட்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஒரு நாளாவது கண்ணாடிக்கு உட்பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. பாறையைச் சிறுகச் சிறுகச் செதுக்கி, உள்ளே கல்லாகிக் கிடக்கும் எலும்பை வெளியே எடுப்பது அவள் தொழில். பதினாறு மாதமாக அவள் மேசையில் கிடந்தது ஒரு மண்டையோடு. ஒன்றரை மீட்டர் நீளம். கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டது போலத் தட்டை. கண்குழிகள் இரண்டும் உச்சியில். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, தண்ணீருக்கடியில் சேற்றில் படுத்தபடியே, பக்கத்தில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த பிராணி. பார்வைக்கு முதலை, உறவுக்குத் தவளை. ‘இது முதலை அல்ல’ என்று அவள் பலகை எழுதி மாட்டிய பிறகும், வாசல் காவலாளி எல்லோருக்கும் “முதலை அந்தப் பக்கம்” என்றே கை காட்டினார். அவரிடம் சண்டை போட்டு அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வெல்டர் மட்டும் அதை முதலை என்று சொல்வதில்லை. மாமனார் என்பார்.

“படுத்தே கெடக்கும். சாப்பாடு பக்கத்துல வந்தா மட்டும் வாய் திறக்கும். எங்க மாமனாரேதான் அக்கா இது, சந்தேகமே இல்ல.”

எலும்புகளைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டங்களைச் செய்கிறவர் அவர். கை சுத்தம், வாய்தான் ஓயாது. எதையும் மூன்று முறை கேட்காமல் செய்யமாட்டார். மண்டையோட்டை வைக்கப்போகும் மேடைக்கு அக்கா படம் வரைந்து கொடுத்த நாளும் அப்படித்தான்.

“அக்கா, பலகையில பள்ளம் வெட்டச் சொல்லியிருக்கு.”

“ஆமா தம்பி.”

“நிஜமாவே வெட்டணுமா?”

“படத்துல இருக்கு இல்ல?”

“இருக்கு. அதான் கேக்குறேன். கீழ்த்தாடை அதுக்குள்ள இறங்குதே, அப்போ…”

“தம்பி! படத்துல இருக்குற மாதிரி செய். என் உயிரை வாங்காத.”

அவர் வெட்டினார். மூன்று வாரம் உழைத்துச் சட்டமும் செய்தார். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் சிறுமி கேட்டாள்.

“அது தண்ணிக்குள்ள இருக்கும்மா” என்று அக்கா எதையோ சொல்லி வைத்தாள்.

“தண்ணிக்கு அடியிலயும் தரைதானே?”

ஆசிரியை வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா மண்டையோட்டின் பின்பக்கம் குனிந்தாள். தாடை வந்து சேரும் மூட்டிலிருந்து மண்ணை எடுத்துச் சுத்தம் செய்தவள் அவளேதான். கீழ்த்தாடை சேற்றில் அப்படியே கிடக்க, தலைதான் மேலே எழுந்திருக்க வேண்டும். இந்த வகைப் பிராணிகளில் சில அப்படித்தான் வாய் திறந்திருக்கும் என்று அறிஞர்கள் எழுதியதை அவள் படித்தும் இருக்கிறாள். ஆனால் இருபது வருடமாக முதலைக்கும் பல்லிக்கும் படம் போட்டுப் பழகிய கை, இதற்கும் தாடையைக் கீழே இறக்கிவிட்டது. கடவுள் நமக்கு அனுப்பும் திருத்தங்கள் பெரியவர்கள் வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயமா என்ன?

“குப்பைத் தொட்டி மூடி மாதிரி மேல தூக்கணுமா அக்கா?” என்றார் வெல்டர்.

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?”

“சொல்ல வந்தேன். உங்க உயிரை வாங்காதன்னீங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திறப்பு விழாவுக்கு எட்டே நாள். பிரித்து, வெட்டி, திரும்பப் பற்றவைத்து… அதற்குள் காப்பாட்சியர் வந்து நின்றார். பள்ளத்தைப் பார்த்தார், தாடை மூட்டைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர்; விளக்கத் தேவை இருக்கவில்லை.

“யாரோட வேலை இது?”

அக்கா மூச்சை இழுத்தாள். அதற்குள் வெல்டர் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். படத்தைத் தலைகீழா வெச்சுப் பாத்துட்டேன்.”

“மூணு வாரமாவா?”

“ஆமா சார். எழுத்தெல்லாம் தலைகீழா இருந்துது, அப்பவே யோசிச்சிருக்கணும்.”

கண்ணாடிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். காப்பாட்சியர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

“யோவ், உன்னை யாரு இப்படிச் சொல்லச் சொன்னா?”

“மாமனாரோட பல்லு ஒண்ணு உடைஞ்சதுக்கு உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. இன்னொண்ணு வந்தா உங்களைக் கிடங்குக்கு மாத்திருவாங்க. அட்டைப்பெட்டிக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மாமனாரை யாரு பாத்துக்கிறது?”

“உனக்கு?”

“எனக்கென்ன, ஒரு திட்டு. அதெல்லாம் வீட்டுல தினமும் வாங்குறதுதான்.”

அக்கா பேசாமல் இருந்துவிட்டாள். அவர் சொன்னதை அவள் முழுக்க நம்பவில்லை. நம்புவது வசதியாக இருந்தது. மனிதர் செய்யும் தவறுகளில் பாதி இப்படி வசதியில்தான் பிறக்கின்றன.

ஆறு நாள் இரண்டு பேரும் முதுகு ஒடிய உழைத்தார்கள். பள்ளத்தை அடைத்தார்கள். பழைய சட்டத்தை அறுத்துப்போட்டுவிட்டு, பின்கழுத்திலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்கும் புதுச் சட்டம் செய்தார் வெல்டர். வழக்கம் போல எதையும் மூன்று முறை கேட்டார். “மேல எவ்வளவு?” “இவ்வளவு.” “நிஜமாவா?” அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறையும் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் இரண்டு இடத்தில் தன் கணக்கு பிசகியிருந்தது அவளுக்கே தெரிந்தது. அந்த எரிச்சல் தனி.

ஆறாம் நாள் மதியம் தலை ஏறி நின்றது. சேற்றிலிருந்து ஒரு கதவு திறந்தது போல் இருந்தது. வெல்டர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, “மாமனார் பந்திக்கு உக்காந்துட்டார்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த நேரத்தில் அலுவலக எழுத்தர் வந்தாள்.

“அக்கா, வெல்டர்கிட்ட பட்டறைச் சாவியைக் கேட்டு வாங்கி வெச்சிருங்க. இந்த மாசத்தோட அவருக்கு முடியுது.”

“என்ன முடியுது? ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிறதுதானே?”

“இந்த வருஷம் இல்ல. கவனக்குறைவுன்னு சார் எழுதிட்டார். நாளைக்குக் காலையில, புதுப்பிக்கிறவங்க பட்டியல்ல கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பப் போறார்.”

“வெல்டருக்குத் தெரியுமா இது?”

“அன்னிக்கே தெரியும். ‘அக்காகிட்ட வாயைத் திறந்துடாதீங்க, கத்தும். வேலை கெட்டுரும்’னு சொன்னார். நான்தான் இப்போ உளறிட்டேன்.”

அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தாள். இந்த மனுஷனை என்ன செய்வது? திருகாணிக்கு மூன்று முறை கேட்கிறவர், தன் பிழைப்பைத் தூக்கிக் கொடுப்பதற்கு ஒரு முறை கேட்டாரா? கண்ணாடிக்கு அப்பால், காவலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார் அவர். காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்டுவதற்காக எழுந்த அக்கா மறுபடி உட்கார்ந்தாள். என்னவென்று திட்டுவது? திட்டினால் அவர் இன்னொரு வேடிக்கை சொல்லுவார். அவளும் இன்னொரு முறை பேசாமல் இருந்துவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அந்தப் பயம் இருந்தது.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் வந்தாள். கூடம் காலியாக இருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு வாளி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் தொழிலில் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு கோப்பு உண்டு. எந்தப் பசை, எந்த விரிசல், யார் கை என்று எல்லாம் அதில் இருக்கும், பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்வதற்காக. அவள் அதைத் திறந்து அந்தப் பழைய படத்தை எடுத்தாள்.

படத்தின் வலது கீழ் மூலை இல்லை. அவள் பெயரும் கையெழுத்தும் இருந்த இடம். அவசரத்தில் கிழித்தது அல்ல; இரும்பு அளவுகோலை வைத்து நேராக, பிசிறில்லாமல் கிழிக்கப்பட்டிருந்தது.

“அட, கிறுக்கு மனுஷா” என்றாள் அக்கா, யாரும் இல்லாத அறையில். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்டவனே, எனக்கு நீ கொடுத்த வேலையை எங்கே வைத்தாலும் செய்கிறேன், கிடங்கானாலும் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். கிழிந்த விளிம்புக்கு மேலே, இருந்த கொஞ்சம் இடத்தில், தெளிவான எழுத்தில் எழுதினாள்: ‘இந்தப் படம் நான் வரைந்தது. பள்ளம் என் பிழை. வெல்டர் மூன்று முறை கேட்டார், நான்தான் சொல்லி முடிக்கவிடவில்லை. அவர் படத்தை நேராகவே பிடித்திருந்தார்.’

கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காப்பாட்சியர் அறை வாசலில், கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாள்களை வைக்கும் தட்டில், பட்டியல் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அக்கா படத்தை அதன்மேல் வைத்தாள். காற்றில் நகர்ந்துவிடாதபடி நான்கு விளிம்பையும் ஒரு முறை தட்டிச் சரிசெய்துவிட்டு, பட்டறைப் பக்கம் திரும்பி நடந்தாள்.