கந்தகப் புகை

துப்பாக்கியோடு முற்றத்துக்குள் ஓடிவந்த பாங் என்ற கொள்ளைக்காரனுக்கு, அங்கே தொப்பிக்காகக் கோதுமை வைக்கோல் பின்னிக்கொண்டிருந்த குய்ஜென்னை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. போன அறுப்பின்போது ஒரு கோவேறு கழுதைக்காக அவள் புருஷனை அடித்தே கொன்ற பாவி இவன்.

“அக்கா, லாய்ஜோ ஊருப் பட்டாளமே தொரத்துது. எங்கயாவது ஒளிச்சு வையி!”

“அந்த ரூமுக்குள்ள போ. சத்தம் காட்டாத.”

சன்னல் இல்லாத மண் அறை அது. உள்ளே ஈரப் பின்னல்கள் தொங்கின. அவன் அவற்றுக்குப் பின்னால் பதுங்கியதும், அடுப்பு நெருப்பை அள்ளிக் கந்தகச் சட்டியில் கொட்டி உள்ளே தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவிடுக்குகளில் களிமண்ணை அப்பத் தொடங்கினாள்.

“ஐயோ, என்ன பொகை இது? மூச்சு முட்டுது! கதவத் தொற!”

“பின்னல வெளுக்க வைக்கிற கந்தகம்டா. என் புருஷன் மண்டையப் பொளந்தியே, அவரும் இப்படித்தான் கத்துனாரு.”

குண்டு ஒன்று கதவைத் துளைத்து அவள் காதைக் கிழித்துக்கொண்டு போனது. வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட நிற்காமல், அந்தத் துளையையும் களிமண்ணால் அடைத்தாள்.

மறுநாள் கதவைத் திறந்தபோது பின்னல்கள் பனியாய் வெளுத்திருந்தன. ஒன்றை மட்டும், புகையைத் தடுக்க அதன் ஈரத்துக்காக அவன் கவ்வியிருந்ததை, வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பல் பதிந்த துண்டை நறுக்கி அவன் மேலேயே எறிந்தாள். பிறகு மிச்சத்தோடு புது வைக்கோலைச் சேர்த்துப் பின்ன உட்கார்ந்தாள்.