முட்டை நுழையாத வீடு

எழுதிக்கொண்டிருந்த உணவு ஆலோசகர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். சின்னப் பெண். மேசைமேல் ரப்பரில் செய்த ரொட்டித் துண்டு, ரப்பர் கேரட், ரப்பர் மீன் எல்லாம் வரிசையாக இருந்தன.

"முட்டையும் கிடையாதா, ஐயா?"

"கிடையாது," என்றார் எடைமேடைக்காரர்.

"நீங்க சைவமா?"

"இல்ல. மீனும் உண்டு, கறியும் உண்டு. முட்டை மட்டும் வீட்டுக்குள்ள வராது."

"மாவுச்சத்தைக் குறைக்கிறவங்களுக்குக் காலையில முட்டைதான் சுலபம். ஒரு காரணம் சொன்னீங்கன்னா..."

"அது வீட்டு விஷயம்மா."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி, கட்டுப் போட்ட இடது காலைப் புடவை நுனியால் மூடிக்கொண்டாள். அதற்குமேல் அந்தப் பெண் கேட்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

சரக்கு முற்றத்து எடைமேடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவர் அவர். சரக்கோடு வரும் லாரியை ஒருமுறை நிறுத்துவார்; இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை நிறுத்துவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை யாரும் மறுமுறை எடை போட்டுப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். அதில் அவருக்குப் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

மனைவிக்குச் செருப்பு கடித்த புண்தான் முதலில். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. இரண்டாவது விரல் கறுத்தது. அறுவை மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். "ரத்தக் குழாயைச் சரி பண்ணிடலாம். ஆனா இந்தச் சர்க்கரையில கத்தி வைக்க முடியாது. ஆறு வாரம் தர்றேன், இறக்கிக் காட்டுங்க. இல்லேன்னா விரலோட நிக்காது. பாதமே போயிடும்."

ஆறு வாரம். அவர் அதை ஒரு சீட்டுப்போல மனத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

முட்டை விஷயம் இதுதான். மகள் நான்கு வயதில் பக்கத்து வீட்டில் ஒரு வாய் கேக் சாப்பிட்டாள். கால் மணி நேரத்தில் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவர்தான். அன்று முதல் முட்டை அந்த வாசலைத் தாண்டவில்லை. மகள் வளர்ந்தாள், படித்தாள், தானே ஒருவனைத் தேடிக்கொண்டாள். "போறதுன்னா போ. ஆனா திரும்ப இந்தப் படி ஏறக்கூடாது," என்றார். அவளும் அவர் பெற்ற பிள்ளை, ஏறவில்லை. பதினொரு வருடம் ஆகிறது. அவள் போன அடுத்த வாரம், கோபத்தில் ஒரு டஜன் முட்டை வாங்கிவந்து சமையல் மேடையில் வைத்தார். மனைவி அதை அட்டையோடு தூக்கிக்கொண்டு போய்க் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். "அவ வந்தா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் முட்டை வாங்கவில்லை.

ஆலோசகப் பெண் தாளை நீட்டினாள். ஏழு நாளுக்கு ஏழு காலைச் சாப்பாடு.

"யாரு சமைப்பாங்க?" என்று கேட்டாள்.

"நான்."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவர் சமையலறைக்குள் போனது தண்ணீர் குடிக்கத்தான்.

மறுநாளே ஒரு சின்னத் தராசு வாங்கினார். கிராம் கணக்குக் காட்டும் தராசு. திங்கட்கிழமை காளானை வெண்ணெயில் வதக்கி, மேலே பாலாடைக்கட்டி துருவிப் போட்டார். செவ்வாய், கெட்டித் தயிரில் முன்தினமே ஊறவைத்த சியா விதையும் எட்டு பாதாமும். புதன், சோயாக் கட்டியை உதிர்த்து மிளகுத்தூளும் மஞ்சளும் சேர்த்துக் கிளறியது. பார்ப்பதற்கு முட்டைப் பொரியல் மாதிரியே இருந்தது. வியாழக்கிழமைதான் படுத்தி எடுத்தது. காலிஃபிளவரைத் துருவி வட்டமாகத் தட்டிச் சுட வேண்டும். முட்டை இருந்தால் ஒட்டும், இல்லாவிட்டால் உதிரும். ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் குழைத்தால் பசை மாதிரி வரும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். முதல் நாள் பாதி கல்லிலேயே தங்கிவிட்டது.

"லாரியை நிறுத்தத் தெரியுது, இதை நிறுத்தத் தெரியல," என்றாள் மனைவி, நாற்காலியில் இருந்தபடியே.

"சாப்பிட்டுட்டுப் பேசு."

"சாப்பிட்டுட்டுதான் பேசறேன். கருகினதுகூட நல்லாத்தான் இருக்கு."

அவள் தட்டுக்கு நூற்றுஎண்பது கிராம் என்றால் நூற்றுஎண்பதுதான். ஒரு கிராம் கூடினால் ஒரு காளான் துண்டை எடுத்துவிடுவார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நிற்பார். அதற்குப் பிறகுதான் தன் சாப்பாடு: நான்கு ரொட்டித் துண்டு வாட்டி, வெண்ணெயும் தேனும் தடவி, சர்க்கரை போட்ட பெரிய கோப்பைத் தேநீரோடு. சின்ன வயதிலிருந்து அதுதான் பழக்கம். ரொட்டியின் ஓரத்தை மட்டும் சாப்பிட மாட்டார். நடுப்பாகத்தைச் சாப்பிட்டுவிட்டு ஓரத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவார். அந்த நாட்களில் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. அவள் விரலே நினைவுக்கு வரும். ஒரு துண்டு, சில நாள் இரண்டு துண்டு, அப்படியே மிச்சமாகும். தேநீர் பாதியில் நிற்கும். எழுந்து கை கழுவிக்கொண்டு, மருந்துக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது மேசை துடைத்திருக்கும், தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. புண்ணோடு நிற்காதே என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். "உக்காந்துக்கிட்டேதான் கழுவறேன்," என்றாள்.

முதல் வாரப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கவில்லை. இரண்டாவது வாரம் கொஞ்சம் ஏறியது. நான்காவது வாரம் அவர் அந்தப் பெண் கொடுத்த தாளை எடுத்து மறுபடி வரி வரியாகச் சரிபார்த்தார். மதியமும் இரவும் அந்தப் பெண் சொன்ன கீரையும் மீனும் காயும்தான். வேறென்ன? இன்னும் பத்து கிராம் குறைத்தார். ஆறாவது வாரம் பரிசோதனைத் தாளைப் பார்த்த ஆலோசகப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, நடுவுல ஏதாவது சாப்பிடறீங்களா? ரொட்டி, பிஸ்கட், இனிப்பு? எதுவானாலும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

மனைவி தலையை ஆட்டினாள். இல்லை.

"நான் எடை போட்டுத்தான் வைக்கறேன்," என்றார் அவர்.

"உங்களைச் சொல்லல, ஐயா. கணக்கு இடிக்குது."

கணக்கு இடிக்கிறது. முப்பத்து நான்கு வருடத்தில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார். அந்நியப் பெண் ஒருத்தி முன்னால் மனைவியிடம் குரலை உயர்த்தியதில்லை; அன்று உயர்த்தினார்.

"திருட்டுத்தனமாத் தின்னுட்டு என்னைப் பொய்யனாக்கறியா? என்ன தின்னே, சொல்லு."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரப்பர் ரொட்டியைப் பார்த்தாள்.

"ஆமாங்க. பிஸ்கட்," என்றாள். "ஆசையா இருந்துச்சு. மன்னிச்சிருங்க."

வீட்டில் பிஸ்கட் வாங்கி ஒரு வருடம் ஆகிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

கறுப்பு விரலைத் தாண்டிவிட்டது. அந்த வாரமே மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊசி போட்டுச் சர்க்கரையைக் கொஞ்சம் கட்டுக்குள் கொண்டுவர நான்கு நாள், பிறகு பாதத்தை எடுப்பது என்று முடிவானது. பெண்கள் கூடத்தில் ஆண்கள் தங்க அனுமதி இல்லை. பார்வை நேரத்துக்குப் போய், அவள் கட்டிலின் அருகே நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகம் பேசாமல் திரும்புவார். பிஸ்கட் கோபம் இன்னும் இருந்தது.

"மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்," என்றாள் இரண்டாம் நாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டில் தனியாக இருந்த முதல் காலையில், வழக்கம்போல் ரொட்டி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இரண்டாம் காலையில், துடைக்காத மேசையில் முந்தின நாள் தட்டு அப்படியே இருந்தது. அதை நகர்த்திவிட்டு வேறு தட்டு எடுத்தார். நான்காம் காலையில் நான்கு தட்டுகள், நான்கு கோப்பைகள். கோப்பை விளிம்பில் எறும்பு. தட்டுகளில் ரொட்டி ஓரங்கள் காய்ந்து வளைந்து கிடந்தன. நடுநடுவே தேன் தடவிய முழுத் துண்டுகள்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்போனவர் நின்றார்.

இதெல்லாம் தினமும் எங்கே போயிற்று?

குப்பைக்கூடையைத் தினமும் கீழே கொண்டுபோய்க் கொட்டுகிறவர் அவர்தான். அதில் காய்த்தோல் இருக்கும், தேயிலைச் சக்கை இருக்கும். ரொட்டி இருந்ததில்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

தராசை எடுத்துவந்தார். நான்கு தட்டுகளிலிருந்தும் ஓரங்களையும் துண்டுகளையும் எடுத்து வைத்தார். முந்நூற்று எழுபது கிராம். காய்ந்த பிறகே அவ்வளவு. அதை நான்கால் வகுத்து, நாற்பத்து இரண்டு நாளால் பெருக்கினார். பெருக்கியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே போன வண்டியை எல்லாம் நிறுத்தியிருந்தார். வெளியே வந்த வண்டியை ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

கல்யாணமான மூன்றாவது நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. குப்பைக்கூடையில் கிடந்த ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, புதுப்பெண்ணின் முன் மேசையில் வைத்தார். "எங்கப்பா மூட்டை தூக்கி எங்களை வளர்த்தவர். இந்த வீட்டுல சாப்பாடு குப்பைக்குப் போகாது. போனா நம்ம மரியாதை போச்சு." இருபத்தாறு வயதில் அதைச் சொல்லும்போது குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது என்பதுகூட நினைவிருந்தது.

பார்வை நேரத்துக்குக் காத்திருக்க முடியவில்லை. வாசல் காவலாளியிடம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கெஞ்சி உள்ளே போனார்.

"பிஸ்கட் இல்ல," என்றார். "ரொட்டி ஓரம்."

மனைவி போர்வையைச் சரிசெய்துகொண்டாள். "ஓரம்தானே, அது என்ன பண்ணிடும்னு நினைச்சேன். முழுத் துண்டை நீங்க மிச்சம் வெச்சப்போதான் பயமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிட்டேன்."

"குப்பையில போடறதுதானே."

"நீங்கதானே போடக்கூடாதுன்னீங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீங்களே சாப்பாடு இறங்காம எழுந்து போறீங்க. இதை வேற சொல்லவா?"

"அந்தப் பொண்ணு கேட்டாளே. அங்க சொல்லியிருக்கலாமே."

"நல்லா இருக்கே," என்றாள். "வீட்டுக்காரர் மிச்சம் வைக்கறதைத்தான் நாப்பது வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கேன்னு சின்னப் பொண்ணுகிட்ட சொல்லவா? உங்களை என்னன்னு நினைப்பா? நான் திருடித் தின்னவளாவே இருந்துட்டுப் போறேன். எனக்கென்ன போச்சு."

அவர் போர்வைக்கு வெளியே தெரிந்த அந்தப் பாதத்தை, இன்னும் ஒரு நாள் அவளோடு இருக்கப்போகிற பாதத்தை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூடத்தில் ஆறு கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

அன்று மாலை மகளுக்குத் தொலைபேசியில் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு படித்தார். எந்த மருத்துவமனை, எந்தக் கூடம், எத்தனை மணிக்கு அறுவை. மகள் அறுவை நேரத்தை மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு, "வர்றேன்," என்றாள்.

வந்தாள். மூன்று நாள் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தாள். தலை வாரிவிட்டாள், வெட்டிய இடத்துக் கட்டை மாற்றும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் நரைத்திருந்தது. அப்பாவிடம் மருந்தைப் பற்றி மட்டும் பேசினாள். கிளம்பும்போது மருத்துவமனை வாசல் நடைபாதையில் நின்றாள்.

"அம்மாவுக்கு இனிமே சாப்பாடு யாரு பார்த்துப்பாங்க?"

"நான்தான்." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட தாள். காளான், தயிர், சோயாக் கட்டி, ஆளிவிதை. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இதுல ஒண்ணுலகூட முட்டை இல்லையே," என்றாள் மெதுவாக.

"வீட்டுக்கு வந்துட்டுப் போ," என்றார் அவர். சொல்ல நினைத்தது வேறு, வந்தது இவ்வளவுதான்.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவர் கையில் கொடுத்தாள். "ஏறக்கூடாதுன்னு நீங்க சொன்னது வீட்டுப் படியைத்தான். அதனாலதான் இங்க வந்தேன், அப்பா. இதுக்கு மேல என்னால முடியல." வாகனம் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டாள்.

மனைவி வீடு திரும்பிய மறுநாள் வியாழக்கிழமை. காலிஃபிளவர் துருவினார். ஆளிவிதைப் பொடியைக் குழைத்தார். சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் நிறுத்தி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? முட்டையே வாங்கிக்கலாமே இனிமே," என்றாள். "உங்களுக்கும் வேலை மிச்சம்."

"வேண்டாம்."

"யாருக்காக வேண்டாம்கிறீங்க? அதான் வந்து, பார்த்து, போயிட்டாளே. இனிமே யாரு வரப்போறா?"

அவள் குரலில் கோபம் இல்லை. பதினொரு வருடம் பிடித்திருந்ததைக் கீழே வைத்துவிட்ட குரல். அது அவருக்குத்தான் தாங்கவில்லை.

கல்லில் இருந்ததைத் திருப்பினார். அன்றைக்கு உதிரவில்லை, முழுதாக வந்தது.

"அவ வந்தா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அவள் நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பினாள்.

இருவரும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கு மறுபடி நூற்றுஎண்பது கிராம். அவருக்கு இரண்டே துண்டு ரொட்டி. நடுப்பாகத்தை முடித்துவிட்டு ஓரத்தைக் கையில் எடுத்தார். கடினமாக இருந்தது. தேநீரில் நனைத்து மென்றார். மெல்ல நேரம் பிடித்தது. அவர் கையைத் துடைத்ததும், மனைவியின் கை பழக்கத்தில் தானாகவே அவர் தட்டை நோக்கி வந்தது. வந்த கை, காலித் தட்டின் விளிம்பில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.