மூங்கில் நின்ற இடம்

இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து சிஹோ பயப்படுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலத்தில் பூரான் வரும் என்றார்கள், பயந்தாள். கூரை ஓடு சரியும் என்றார்கள், அண்ணாந்து பார்த்தபடியே வாசலைக் கடந்தாள். சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது கரையான் தின்ற சட்டம் ஒன்று கையோடு பொடிந்து வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கால் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள்.

அவள் கணவன் எய்ஜிக்கு இதெல்லாம் வேடிக்கை. "நீ பயப்படுற வேகத்துக்கு இந்த வீடு இடிஞ்சு விழணும்னா அதுக்கே மூச்சு வாங்கிடும்" என்பான்.

ஒஸாகாவில் ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் அவர்கள். சொந்த வீடு என்று ஒன்று வாய்த்தது இதுதான் முதல் தடவை. நாலு வருஷம் பூட்டிக் கிடந்த மலைக்கிராமத்து வீடு. எய்ஜி கீழே டவுனில் மரக்கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்தோட்டத்தைக் கொத்தி வெள்ளரி, கத்தரி, சோயா அவரை என்று போட்டான். வெள்ளரி மட்டும் அவனை மதித்து விறுவிறுவென்று ஏறியது. வார நாட்களில் வீடும் தோட்டமும் நாலு வயது மினோரியும் சிஹோவின் பொறுப்பு.

வீட்டுக்குள் மினோரியை விட முடியாது. சமையலறையில் தரையே இல்லை, ஆணிகள் வேறு நீட்டிக்கொண்டு நின்றன. ரோட்டுப் பக்கம் விடவும் பயம், மரலாரிகள் கண்மண் தெரியாமல் இறங்கும். பின்தோட்டத்தைச் சுற்றி வேலி இருந்தது. அதனால் குழந்தைக்குப் பின்தோட்டம்தான் பத்திரம் என்று சிஹோ முடிவு கட்டியிருந்தாள்.

மதியமானால் அவள் கூடத்துச் சுவரில் பழைய மண்பூச்சைச் சுரண்டுவாள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கரணையால் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கிருந்தோ டொம், டொம் என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒகுபோசான் எதையோ இடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஆளரவமே இல்லாத ஊரில் அது ஒரு துணை மாதிரி இருந்தது. கரணை தானாகவே அந்தத் தாளத்துக்கு இழுபடும். இந்த வீட்டில் அவளைப் பயமுறுத்தாத விஷயம் அது ஒன்றுதான்.

ஜூன் மாதம். இரண்டு நாள் அடித்த மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், ஒகுபோசான் பின்பக்கமாக வந்தார். ஐம்பத்தைந்து வயது, தேயிலை பறித்துக் காய்த்த கை, மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் குரல்.

"சிஹோசான், இருக்கீங்களா? ஊர் அறிவிப்பு ஒட்டின சுத்துப் பலகை வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிடுங்க. ஞாயித்துக்கிழமை வாய்க்கால் சுத்தம் பண்றாங்க. உங்க வீட்டுக்காரரை மண்வெட்டியோட வரச் சொல்லுங்க, போன தடவை தொடப்பத்தோட வந்து நின்னாரு."

சிஹோ சிரித்துக்கொண்டே பலகையை வாங்கினாள். மினோரி வெள்ளரிப் பந்தலுக்குள் உட்கார்ந்து பிஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒகுபோசான் அந்தப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அட, கிணத்து மூச்சைச் சுத்தியா வெள்ளரி போட்டிருக்கீங்க?"

"எந்தக் கிணறு?"

"மொரிதா கிழவர் சொல்லலையா? எங்கே சொல்லியிருப்பாரு, வீட்டை விக்கிறவரு. அந்தா, வரிசையோட கடைசியில கருத்த மூங்கில் ஒண்ணு நிக்குதே, கணுவெல்லாம் உள்ள துளைச்சிருக்கும் பாருங்க. கிணத்தை மூடினா அதுக்கு மூச்சு விட வழி வைக்கணும்ல. உள்ள இருக்கிற சாமிக்கு மூச்சு முட்டினா வீட்டுக்கு ஆகாது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போற வரைக்கும் வருஷா வருஷம் புது மூங்கில் மாத்துவாரு."

சிஹோ மூங்கிலையே பார்த்தாள். "மண்ணு போட்டு நிரப்பிட்டாங்கதானே?"

ஒகுபோசான் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "அங்கதான் விஷயமே. பலகை, மேல தகரம், அதுக்கு மேல ரெண்டு சாண் மண்ணு, அவ்வளவுதான். அப்புறம் நிரப்பிக்கலாம்னாராம். அந்த அப்புறம் வரவேயில்லை. ஏழு ஆள் ஆழம்னு சொல்வாங்க. முப்பது வருஷம் இருக்கும், நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே மூடினது. வேலிக்கு மேல மூங்கில் தலையைத்தான் நான் பாத்திருக்கேன்."

அவர் சொல்லி முடிக்கும்முன் சிஹோ ஓடியிருந்தாள். பந்தலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வெள்ளரிப் பிஞ்சு ஒன்று நசுங்கியது.

"நாலடி தள்ளியே நடங்க" என்றார் ஒகுபோசான். "நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒரு லாரி மண்ணுக்கு ஏற்பாடு பண்றேன். பயப்படாதீங்க, எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல." சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

சிஹோ தோட்டத்தின் மறுகோடிக்குக் குழந்தையை இழுத்துப் போய், ப்ளம் மரத்தடியில் நிறுத்தினாள். பந்தலுக்கும் மரத்துக்கும் நடுவில் நல்ல தூரம் இருந்தது. நாலு வயசுக்குக் கிணறு, பலகை என்றால் என்ன புரியும்? புரிகிற மாதிரி சொன்னாள்.

"மினோ, அந்த வெள்ளரிக்கு அடியில காப்பா இருக்கு."

மினோரியின் கண் விரிந்தது. கிணற்றுக்குள் கிடந்து பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்கிற, வெள்ளரிக்காய் என்றால் உயிரை விடுகிற காப்பாவைத் தெரியாத குழந்தை அந்த நாட்டில் உண்டா.

"நெஜமாவா?"

"நெஜமா. கிட்டப் போனா இழுத்துட்டுப் போயிடும். நீ இங்கேயே இரு. அம்மா சொல்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. சத்தியமா?"

குழந்தை சுண்டு விரலை நீட்டியது. விரல் கோத்துச் சத்தியம் ஆனது. சிஹோ பந்தலை நன்றாகச் சுற்றிக்கொண்டு பின்வாசற்படிக்கு வந்து, மினோரியைப் பார்த்தபடியே போனை எடுத்தாள். பயம் இப்போது கோபமாக மாறியிருந்தது.

"எய்ஜி, நீ கிணத்து மேல வெள்ளரி போட்டிருக்கே. தெரியுமா உனக்கு?"

"என்ன கிணறு? நான் மரம் இறக்கிட்டிருக்கேன், அப்புறம்..."

"வெச்சேன்னா தெரியும். பந்தல் கடைசியில நிக்குதே கருத்த மூங்கில், அது கிணத்து மூச்சுக்குழாயாம். அடியில கிணறாம், வெறும் பலகையாம். மூணு வாரமா மினோ அதுமேலதான் விளையாடியிருக்கா."

மறுமுனையில் மரம் விழும் ஓசை கேட்டது.

"சிஹோ" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "அந்த மூங்கில் அங்க இருந்ததில்ல."

"என்ன சொல்றே?"

"பந்தலுக்குப் பத்துக் குச்சி வாங்கினேன், ஒண்ணு குறைஞ்சுது. தோட்டத்துல ஒரு மூங்கில் சும்மா நின்னுச்சு. பிடுங்கிப் பந்தல்ல நட்டேன். வீணாப் போகுதேன்னு..."

"எங்கேர்ந்து பிடுங்கினே?"

"ப்ளம் மரத்தடியிலேர்ந்து."

சிஹோவின் கை போனை விட்டது அவளுக்கே தெரியாது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துபோச்சே என்ற நிம்மதியில் அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கிணற்றின் மேல் குழந்தையை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். நகரக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள்.

வெயிலில் இப்போது தெளிவாகத் தெரிந்தது. மரத்தடி மண் வட்டமாக, தட்டு போலக் கொஞ்சம் குழிந்திருந்தது. மழைத்தண்ணீர் அதில் தேங்கி மின்னியது. நடுவில் சிவப்பு ரப்பர் செருப்போடு மினோரி.

பாயப் போன கால் தானாக நின்றது. இரண்டு நாள் மழையைக் குடித்த மண், முப்பது வருஷத்துப் பலகை. அந்தப் பலகை இவ்வளவு நேரம் தாங்குவது குழந்தையின் எடையை. அவள் போய் ஏறினால் இருவரும் போவார்கள்.

"மினோ" என்றாள். எப்போதும் போலக் கூப்பிடப் பார்த்தாள். "அம்மாகிட்ட வா."

மினோரி மாட்டேன் என்று தலையை ஆட்டியது. "நகரக் கூடாதுன்னு சொன்னியே."

"இப்ப வரலாம். அம்மா சொல்றேன்ல."

"காப்பா இருக்கு." குழந்தை பந்தலைக் கை காட்டியது. பந்தலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். "இழுத்துட்டுப் போயிடும்னு சொன்னே."

சொன்னவள் அவள்தான். அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று அவளுக்கு இருந்தது. மெல்லப் பந்தலருகே நடந்து ஒரு வெள்ளரிக்காயைப் பறித்து வேலிக்கு வெளியே எறிந்தாள்.

"பாத்தியா? காப்பா வெள்ளரியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு."

"அது வீடு எங்க இருக்கு?"

மினோரி யோசனையில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றியது. செருப்புக்கு அடியில் தண்ணீர் பொளக் என்றது. குழந்தை உற்சாகமானால் ஓடாது, முயல் மாதிரி இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். குதித்தால்?

அப்போதுதான் சிஹோவுக்கு அது தோன்றியது.

"மினோ, தருமா பொம்மை விளையாடலாமா? அம்மாதான் பூதம். சத்தமே வரக் கூடாது. குதிச்சா அவுட்டு. பூனை மாதிரி வரணும்."

மினோரியின் முகம் மலர்ந்தது. ஒஸாகாவில் பாலர் பள்ளியில் அந்த விளையாட்டில் அதை யாரும் ஜெயித்ததில்லை. "திரும்பிப் பாக்கக் கூடாது" என்றது கறாராக. "சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடி பாத்தா அழுகுணி."

அதுதான் விதி. பூதம் முதுகைக் காட்டி நின்று பாட்டைச் சொல்ல வேண்டும்; அது திரும்பினால் வருகிறவர் அப்படியே உறைந்து நிற்க வேண்டும், திரும்புமுன் வந்து தொட்டுவிட்டால் ஜெயம். சிஹோ முதுகைக் காட்டினாள். கருத்த மூங்கில் கண்ணெதிரே இருந்தது. அதில் நெற்றியை முட்டிக்கொண்டு, பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்க்காமல், ஒரு தாய் இப்படியும் நிற்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள்.

"தருமா... பொம்மை... சாஞ்சு... போச்சு."

ஒரு சத்தமும் இல்லை. அடி எடுத்து வைக்கிறதா, இல்லை மண்ணே சத்தமில்லாமல் வாயைத் திறந்துகொண்டதா? சட்டென்று திரும்பினாள்.

மினோரி ஒற்றைக் காலில் உறைந்து நின்றது. வட்டத்துக்குள்ளேயேதான், விளிம்புக்கு இன்னும் இரண்டடி. தூக்கிய கால் ஆடியது. சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பியிருந்தது. ஊன்றிய செருப்பைச் சுற்றித் தண்ணீர் மெல்லச் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் வாரி எடுக்கச் சொல்லி உடம்பு முழுதும் கத்தியது. சிஹோ திரும்பி மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். இந்தத் தடவை அவசரப்படாமல், எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாள்.

"தரு...மா... பொம்...மை..."

எங்கோ ஒரு குருவி கத்தியது. முதுகுக்குப் பின்னால் உலகமே இல்லாதது போல இருந்தது. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்து, மொரிதா கிழவர் மூச்சு விட வழி வைத்த அந்தச் சாமியிடமும் கெஞ்சினாள். உன் மூச்சைப் பிடுங்கியது நாங்கள், குழந்தை இல்லை என்றாள்.

"சாஞ்...சு..."

பளீரென்று முதுகில் ஒரு அடி விழுந்தது.

"தொட்டுட்டேன்! அம்மா தோத்துட்டே!"

சிஹோ திரும்பி அந்தச் சின்ன உடம்பை அள்ளிக்கொண்டு வாசற்படி வரை ஓடினாள்.  உட்கார்ந்து குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "தோத்தா அழக் கூடாது" என்று மினோரி தட்டிக்கொடுத்தது.

எய்ஜி கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். வேலைக் கையுறையைக் கூடக் கழற்றவில்லை. ஒகுபோசானும் வந்துவிட்டார். மழைக்கு அடைக்கும் பழைய மரக்கதவுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள், அவற்றை மண்மேல் வரிசையாகப் போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, எய்ஜி நீளக் கடப்பாரையை நீட்டி அந்த வட்டத்தில் குத்தினான். முதல் குத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் டொம் என்றது. மூன்றாவதில் கடப்பாரை கையை விட்டு நழுவிப் போயே போனது. பின்னாலேயே பலகையும் தகரமும் மண்ணும் சரிந்தன. அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்பதற்குள் ஒகுபோசான் கைகூப்பி ஏதோ முணுமுணுத்து முடித்திருந்தார்.

மினோரி வீறிட்டு அழ ஆரம்பித்தது. பயந்துவிட்டது என்று நினைத்துச் சிஹோ அதை அணைத்துக்கொண்டாள்.

"அப்பா என் மேளத்தை உடைச்சுட்டாரு."

"எந்த மேளம்டா?"

"அதுதான். அதுல குதிச்சா டொம் டொம்னு சொல்லும். தினமும் நான் குதிப்பேன், அம்மா உள்ளேர்ந்து சர்ரக் சர்ரக்னு பதில் சொல்லுவா." குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டது. "அம்மா நிறுத்துற வரைக்கும் நானும் நிறுத்த மாட்டேன்."

சிஹோ வீட்டுப் பக்கம் திரும்பினாள். திறந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் சுரண்டி முடித்திருந்தாள்.