கரிக்காத தண்ணீர்

பெயின்ட் கம்பெனியில் பிடித்த தீ ஒரே ராத்திரியில் அணைந்துவிட்டது. அணைக்க ஊற்றிய தண்ணீர்தான் போவேனா என்று உட்கார்ந்துகொண்டது. எரிந்த ரசாயனமெல்லாம் கரைந்து கன்னங்கரேலென்று ஓடியதைக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பெரிய இரும்புத் தொட்டிகளில் பிடித்து வைத்தார்கள். பிறகு அதைச் சுத்தம் செய்ய இயந்திரங்கள் வந்தன. சுத்தம் செய்த தண்ணீரைக் கழிமுகத்தில் விடலாமா கூடாதா என்பதில் ஊர் இரண்டுபட்டது. சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூட, கத்தி தொண்டைக்குழியில் இருப்பதை மறந்து இதைப் பற்றிக் கருத்துச் சொன்னார்.

அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கும் லேபுக்குத் தலைவி ஒருத்தி. ஊரில் அவளை லேப் அம்மா என்பார்கள். கழிமுகத்தில் மீன் பிடிக்கும் படகுக்காரர்களுக்குத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். அவளைப் பெற்றவர்கள் எந்த வேளையில் பெற்றார்களோ, இரண்டு பக்கமும் அவள் தலையில்தான் விடிந்தது. தீப்பிடித்த நாளிலிருந்து அண்ணன் அவளோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணிதான் போனில் சொல்வாள். "உங்க அண்ணன் சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்பாள். பின்னாலேயே, "நான் எங்க கேட்டேன்?" என்று ஒரு உறுமல் கேட்கும்.

அவளுக்குச் சுத்தம் செய்த தண்ணீரைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. அவள் பயந்தது மூன்றாம் தொட்டிக்கு. தீயின் சூட்டில் அதன் தகடு நெளிந்து, ஒட்டுப் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். மழைக்கு முன்னால் காலி செய்யாவிட்டால் அது பிளந்து, கறுப்புத் தண்ணீர் அப்படியே அண்ணன் வலை வீசும் இடத்தில்தான் போய்ச் சேரும். காலி செய்ய வேண்டுமானால் சுத்தம் செய்ததை வெளியே விட ஊர் சம்மதிக்க வேண்டும். ஊரோ, கூட்டங்களில் மேஜைமேல் அடுக்கிய அறிக்கைகளைப் பார்த்தாலே நாற்காலியைத் தூக்கியது.

கடைசியில் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். "இந்தப் பேப்பரெல்லாம் எங்களுக்கு எதுக்கு? என் தங்கச்சி அந்தத் தண்ணியில ஒரு டம்ளர் எங்க எதிர்ல குடிக்கட்டும். அவ குடிச்சா நாங்க வாயை மூடிக்கறோம்."

கம்பெனி மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "மடியில கனமில்லை, வழியில என்ன பயம்? குடிச்சுடுங்கம்மா" என்றார்.

"சார், ஒரு டம்ளர் குடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் தெரியும். வருஷக்கணக்கா அதுலயே கிடக்கிற மீனுக்கு என்ன ஆகும்னு அதுல தெரியாது."

"அதெல்லாம் மைக்ல பேசற விஷயமாம்மா?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகம் கட்டியிருந்தது. மூன்றாம் தொட்டியை நினைத்துக்கொண்டு சரி என்றாள்.

நகராட்சிக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. மின்விசிறிகள் சூட்டைத்தான் வாரி இறைத்தன. முன்வரிசையில் அண்ணன், பக்கத்தில் அண்ணி, பின்னால் படகுக்காரர்கள். மேடையில் மேனேஜர் ஏதேதோ பேசி முடித்ததும் லேப் உதவியாளர் டம்ளரை நீட்டினார். தடிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவரைப் பூதக்கண்ணாடி என்று லேபில் கேலி செய்வார்கள். அவருக்கு அவள்மேல் பக்தி என்றே சொல்லலாம். அவள் டம்ளரை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, ஒரே மூச்சில் குடித்தாள்.

கூடம் கைதட்டியது. அவளுக்கோ ருசியில் ஏதோ இடறியது. சுத்தம் செய்த தண்ணீரில் உப்பு நிற்கும். அதை அவள் ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை என்றாலும் எத்தனை உப்பு என்று அளந்தவள் அவள்தான். வாய் வைத்தால் கரிக்க வேண்டும். இது கரிக்கவில்லை. தித்திப்பாக, குளுகுளுவென்று இறங்கியது.

"என்ன தண்ணி இது?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

பூதக்கண்ணாடி முகமெல்லாம் பூரிப்பாகக் குனிந்தார். "கேன் தண்ணிம்மா. லேப் தண்ணி எதையும் யாரும் வாயில வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க? உங்களுக்குப் போய் நான் அதை ஊத்திக் கொடுப்பேனா?"

அவரை அறையலாமா, கையைப் பிடித்துக்கொண்டு அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றாள்.

அதற்குள் அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். "என் தங்கச்சி குடிச்சுட்டா. எங்களுக்கு இது போதும்" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "பாப்பா, ஒண்ணும் பண்ணலையே?" என்றார். குரல் உடைந்திருந்தது. தீக்குப் பிறகு இன்றைக்குத்தான் பாப்பா என்கிறார்.

சும்மா இருந்தால் போதும். தொட்டி காலியாகும், கழிமுகம் பிழைக்கும். பரிசோதனைக் கணக்கில் பொய்யில்லை, டம்ளரில் மட்டும்தானே பொய்? இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்தாள். வக்கீல் நன்றாகத்தான் வாதாடினார். ஆனால் அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் குடிச்சது கேன் தண்ணி" என்றாள் மைக்கில். "எனக்கும் குடிச்ச பிறகுதான் தெரியும்."

அப்புறம் எழுந்த கூச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மேனேஜர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். பூதக்கண்ணாடி மேஜைக்கு அடியிலிருந்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "தப்பு என்னோடது, தப்பு என்னோடது" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. அண்ணன் மேடை ஏறி வந்தார். எல்லோரும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தார்கள்.

"அசல் தண்ணி எங்க?"

பூதக்கண்ணாடி பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்.

"அதனால என்ன? நீ குடிக்கலைன்னா நான் குடிச்சுக் காட்டறேன். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது" என்று மூடியைத் திருகி, பாட்டிலை வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதே!"

கத்தியதும் அவள்தான், பாட்டிலைத் தட்டிவிட்டதும் அவள்தான். தண்ணீர் மேஜை விரிப்பில் கொட்டி, அறிக்கைகளை நனைத்து, மேடை ஓரமாகச் சொட்டியது. கூச்சல் அடங்கிவிட்டது. எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "நீ குடிக்கத் துணிஞ்ச. நான் குடிச்சா மட்டும் ஏன் பதறுது?"

"ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகாதுண்ணா. அது எனக்கு நல்லாத் தெரியும். உனக்குன்னு வரும்போது கை தானா வந்துடுச்சு."

"இதைத்தானே பாப்பா நாங்க இத்தனை நாளா சொல்றோம்? எங்களுக்கும் எங்க புள்ளைங்களுக்குன்னு வரும்போது கை வந்துடுது. எங்களை விவரம் தெரியாதவங்கன்னு சொன்னாங்க."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தானும் வாய்விட்டுச் சொல்லாமல் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மேனேஜர், கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுப் படியிறங்கப் போனார். கீழே வழியை மறித்துக்கொண்டு அண்ணி நின்றாள். "எங்க சார் கிளம்பிட்டீங்க? இப்பத்தானே அண்ணனும் தங்கச்சியும் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க. உக்காருங்க." மேனேஜர் உட்கார்ந்தார்.

அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார். நனைந்த விரிப்பில் கையை ஊன்றாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணாம் தொட்டி மழை தாங்குமா?"

"தாங்காதுண்ணா. அது உடைஞ்சா, இதைவிட ஆயிரம் மடங்கு மோசமானது கழிமுகத்துல கலந்துடும்."

"சுத்தம் பண்ணினதை விட்டா, பத்து வருஷம் கழிச்சு மீனு எப்படி இருக்கும்?"

அதற்கு அவளிடம் வழவழவென்று ஒரு பதில் மனப்பாடமாக இருந்தது. எல்லாக் கூட்டத்திலும் அதைத்தான் ஒப்பித்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் நாற்காலிகள் பறந்திருந்தன. அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"தெரியாதுண்ணா" என்றாள்.

ஒரு நாற்காலியும் பறக்கவில்லை. பின்வரிசையில் எழுந்து நின்றிருந்த படகுக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.