கதவுக்காரியின் முகம்

எங்கள் கம்பெனியில் என் வேலையை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கையெழுத்து. வீடியோ கேம் செய்கிற இடம் என்றதும் எல்லோரும் கண்ணை விரிப்பார்கள். நான் விளையாடுவதுமில்லை, வரைவதுமில்லை. யாரோ எழுதியதையும் யாரோ எடுத்த படத்தையும் நாங்கள் விற்கும் விளையாட்டில் போட வேண்டுமென்றால், அந்த யாரோவைத் தேடிப் பிடித்து, நைச்சியமாகப் பேசி, காகிதத்தில் பெயர் போட வைக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இந்தத் தடவை மாட்டியவள் கதவுக்காரி. பேய்க்கதைப் பைத்தியங்கள் கூடுகிற ஓர் இணையதளத்தில் பிறந்தவள். ஒருவன் நாலு வரி எழுதிப் போட்டான்: வீட்டில் தனியாக இருக்கும் குழந்தைகளின் கதவைத் தட்டும் ஒருத்தி. வேறொருத்தி அவளுக்குக் குரல் கொடுத்தாள், இன்னொருவன் நடை கொடுத்தான். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மற்றவர்கள் ஓட்டுப் போட்டால் அது கதையில் நிலைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பல் போனவர்கள் வரை அவளைத் தெரியாதவர்கள் இல்லை என்றானது.

அந்தத் தளத்துக்கு ஒரு விதி உண்டு. அங்கிருந்து எதையும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எடுத்துச் செய்ததையும் அதேபோல் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட வேண்டும். விதியின் முதல் பாதி எங்கள் முதலாளிக்கு இனித்தது, மறுபாதி தொண்டையில் சிக்கியது. "நாம ராப்பகலா உழைச்சு செஞ்சதை நாளைக்கு எவனோ அள்ளிட்டுப் போவான், நாம வாயைப் பாத்துட்டு நிக்கணுமா?" என்று குதித்தார். அந்த மறுபாதியிலிருந்து தப்ப ஒரே வழிதான் இருந்தது. எழுதிய ஒவ்வொருவரிடமும் தனி அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காதவரின் வரிகளை வெட்டி எறிய வேண்டும்.

நாயாய் அலைந்தேன். அவர்களுக்கெல்லாம் நிஜப் பெயர் எங்கே இருக்கிறது? ஈரச்செருப்பு, பல்லிவால், தூங்காதவன். ஈரச்செருப்பு ஒரு பல் டாக்டர். நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பல்லிவாலுக்கு வயது பதினெட்டு ஆகவில்லை என்பதால் அவனுடைய அப்பா போட்டார். மகன் எழுதியதை அப்போதுதான் படித்த அந்த மனிதர், நான்தான் அவனைக் கெடுத்தேன் என்பதுபோல் என்னை முறைத்தார். ஒரு வழியாக எல்லோரையும் பிடித்து முடித்தேன். மிச்சமிருந்தது முகம்.

கதையோடு ஒரு படம் இருந்தது. பாதி உருகி வழிந்த ஒரு பெண்ணின் முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. அதை வரைந்தது யார் என்று விசாரித்தால், யாரும் வரையவில்லை. எவனோ எங்கிருந்தோ எடுத்து, கண்ணைக் கறுப்பாக்கி ஒட்டியிருக்கிறான். மூலத்தைத் தேடிப் போனால், அது ஒரு சலவை ஆலையின் எச்சரிக்கை போஸ்டர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஆலை. நீராவிக் குழாய் வெடித்து வெந்துபோன ஒரு தொழிலாளி, மற்றவர்களாவது கவனமாக இருக்கட்டுமென்று படமெடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

போட்டோக்காரர் போனிலேயே சரி என்றார். "எடுத்தது நான்தானே? மூஞ்சி யாருதா இருந்தா என்ன?"

எங்கள் வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "படம்தான் அவருது. முகம் அந்தம்மாவோடது. அவங்களும் எழுதிக் குடுக்கணும்."

"முகத்தையே மாத்திட்டா என்ன சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அந்த மூஞ்சியோடதான் விளம்பரம் வெளிய போயாச்சு. தலையை வெட்டிட்டு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்றியா?"

அப்படித்தான் அந்தப் பெண்மணியின் வீட்டுக் கதவை நான் தட்டினேன். முகத்தின் பாதியைத் துணியால் மூடியபடி திறந்தார். ஒற்றை அறை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தலையணை உறைகள் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. அதே ஆலைக்கு வீட்டிலிருந்தே ஓரம் அடித்துக் கொடுக்கிறாராம். குளியலறை வாசலில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குச் சின்ன பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. கண்ணாடி எங்கும் இல்லை.

நான் சுற்றி வளைத்தேன். கதை என்றேன், விளையாட்டு என்றேன், எவ்வளவு பேர் ரசிக்கிறார்கள் தெரியுமா அக்கா என்றேன். கடைசியில் வேறு வழியில்லாமல் போனை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான்தானே இது? கண்ணை ஏன் எடுத்துட்டாங்க?"

போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இது எப்போலேர்ந்தும்மா சுத்துது?"

"மூணு வருஷம் இருக்கும் அக்கா."

"பசங்கல்லாம் பாப்பாங்களா?"

"பசங்கதான் நிறைய பாக்குறாங்க."

அவர் திட்டுவார், அழுவார், என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிரித்தார். துணி நழுவியதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தார்.

"அப்போ குட்டி என்னைப் பாத்து பயப்படல!"

குட்டி அவருடைய தம்பி மகள். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போக, பிறந்ததிலிருந்து குளிப்பாட்டி, தலைவாரி, சோறூட்டி வளர்த்தது இந்த அத்தைதான். அவள் கண் திறந்ததே இந்த முகத்தில்தான். "என் தழும்புல பொம்மை காரை ஓட்டுவாம்மா. அத்தை மூஞ்சில ரோடு இருக்குன்னு ஊரெல்லாம் பெருமையடிப்பா." போன வருஷம், ஏழு வயதில், ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள், இவரைப் பார்த்து வீறிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தம்பி அடுத்த தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ அக்கா என்றவர், இப்போது மளிகைச் சாமானை வாசலிலேயே வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துப் பேசுகிறாராம்.

"வளந்துட்டா, இப்பத்தான் என் லட்சணம் கண்ணுக்குத் தெரியுதுன்னு நினைச்சேன். அவ மேல தப்பில்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இந்தக் கருமத்தைப் பாத்துதான் பயந்திருக்கா! இதை எடுத்துடுவீங்களா?"

"எங்க விளையாட்டுலேர்ந்து எடுக்கலாம் அக்கா. அந்தத் தளத்துலயும் சொல்லிப் பாக்கலாம். ஆனா அது யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்ட கதை. எத்தனை பேர்கிட்ட இருக்கோ, அதைத் திரும்ப வாங்க யாராலயும் முடியாது."

"கெடக்கட்டும் விடு. குட்டிக்குத் தெரிஞ்சா போதும். நீயும் வா, ஆபீஸ்லேர்ந்து வந்து சொன்னா நம்புவா. கையெழுத்துதானே? எங்க வேணா போடறேன். முதல்ல வா."

கதவைக்கூடப் பூட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் உத்தியோகம் ஒருவருக்கு நல்லது செய்யப்போகிறது என்று நினைத்தேன்.

தம்பி வீடு இரண்டாவது மாடி. பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்பவில்லை; பள்ளி விட்டு வந்து குட்டி மட்டும் உள்ளே இருந்தாள். கதவில் பார்வைத் துளை இருந்தது. "மூடிக்கிட்டு நின்னாதான் பயப்படுவா" என்று அவர் முகத்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தட்டினார்.

"யாரு?"

"அத்தைடா குட்டி."

கதவு திறக்கவில்லை. அவர் கதவில் கன்னம் படும்படி குனிந்து, அத்தனை ஆசையையும் குரலில் குழைத்துப் பேசினார்.

"பயப்படாதடா. அது நான் இல்ல. அது வெறும் கதை. நான் உன் அத்தைதான், கதவைத் திற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா வேணாம் என்று அவர் கையைப் பிடித்தேன். சொல்லியாகிவிட்டது.

கதவுக்காரி அப்படித்தான் பேசுவாள். நமக்குப் பிரியமானவர்களின் குரலில் வந்து, 'அது நான் இல்லை, அது வெறும் கதை, கதவைத் திற' என்பாள். யாரோ சேர்த்து, ஓட்டில் ஜெயித்த வரி. அதற்கு அனுமதி வாங்கியவளே நான்தான். நடிகை ஒருத்தியை வைத்து ஒலிப்பதிவும் முடித்தாகிவிட்டது. அவளை விரட்டும் வழியும் கதையிலேயே இருக்கிறது. அழக்கூடாது, திறக்கக்கூடாது. நீ செத்துட்டே என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். போய்விடுவாள்.

"நீ செத்துட்டே" என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

"குட்டி..."

"நீ செத்துட்டே. நீ செத்துட்டே. நீ செத்துட்டே."

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அந்த வயதுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? கதை அப்படி அக்கா, அதைச் சொன்னா அவ போயிடுவாளாம் என்று முணுமுணுத்தேன்.

உள்ளே குழந்தை நிறுத்தவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அவர் கதவிலிருந்து முகத்தை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சரிடா கண்ணு" என்றார். "நான் போயிட்டேன்."

துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு படியையும் அழுத்தி அழுத்தி மிதித்து இறங்கினார்.